சிறு பொருளிற் சேதுப் பயணம்

நூல்களிற் படித்த ஊர்களைக் கண்ணாற் காண விழைதல் மாணவர்க்கு இயல்பு. ஆயினும், பயணம் என்பது பொருளுடையார்க்கே உரியதென்று எண்ணி, நம்மிற் பலர் விடுமுறை நாட்களை வீட்டிலேயே கழித்து விடுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாதென்பதை இராமேசுவரத் தீவு ஒன்றே காட்டும். அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, சேலையூர் முதலிய ஊர்களினின்று நாள்தோறும் நம் கல்லூரிக்கு வரும் மாணவன், பாடநூல் ஒன்றிரண்டு வாங்கும் பொருளைக் கொண்டே அத்தீவைக் கண்டு மீளலாம். பாரதத்துப் பெயர் பூண்ட ஊரிலிருந்து இராமகாதைப் பெயர் பூண்ட ஊருக்கு ஓரிரவிற் சென்று சேர்தலும் ஒரு தனி இன்பமே. அத்தீவின் இயல்பு யாது, செலவைச் சுருக்கி அதனைக் காணும் முறை யாது, அங்குச் செல்வோர் மனத்திற் கொள்ளத் தக்கது யாது என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முயல்வேன்.

கடல் வகுத்த நிலம்

கடல் ஏறும்போது தீவாகவும், வற்றும்போது கரையோடு ஒட்டிய நிலமாகவும் விளங்கும் ஊர்கள் உலகிற் சில உள. பிரான்சு நாட்டின் மோன் சான் மிசேல் அவற்றுட் புகழ் வாய்ந்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் மற்றொன்று, கி.பி. 635-இல் எய்டன் என்னும் துறவி மடம் நிறுவிய இடம் அது. இன்றும் அவ்வூர்ச் சாலை நாள்தோறும் இருமுறை நீரில் மறையும். நம் நாட்டில் மும்பையிலுள்ள ஹாஜி அலி தர்காவுக்குச் செல்லும் வழியும் கடல் ஏற்றத்தில் மூழ்குவதே.

நம் இராமேசுவரம் அவ்வகைத் தீவா எனின், முற்றும் அன்று. மோன் சான் மிசேலிற் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே பதினான்கு மீட்டர் வரை வேறுபாடு உண்டு. பாம்பனிலோ அஃது ஒரு மீட்டரை எட்டுவதில்லை. ஆகவே ஒரு நாளின் நீரேற்றம் இங்கு ஊரைத் தீவாக்குவதுமில்லை, கரையோடு சேர்ப்பதுமில்லை. ஆனால் ஒரு நாளிற் செய்யாததைக் கடல் பல நூற்றாண்டுகளிற் செய்துள்ளது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே முன்னாளில் நிலத்தொடர் இருந்ததென்றும், மக்கள் காலால் நடந்தே கடந்தனரென்றும், 1480-ஆம் ஆண்டிற் வீசிய பெரும்புயல் அத்தொடரை அறுத்ததென்றும் கோவில் வரலாறு கூறுவதாக வழங்கி வருகின்றது. இன்றும் அவ்விடைவெளியிற் பாறைத் தொடர்கள் நீர்மட்டத்தை ஒட்டிக் கிடக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசினர் மரக்கலம் செல்லுதற்பொருட்டு அக்கால்வாயை ஆழப்படுத்தினர்.

தீவின் கீழ்க்கோடியிலும் இதே கதைதான். அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் வரை மணற்றிட்டுகளும் ஆழமற்ற நீரும் மாறி மாறி அமைந்துள்ளன. இத்தொடரையே இந்துக்கள் இராமர் அமைத்த சேது என்பர். அராபியர் வழிவந்த கதையைத் தழுவி மேனாட்டார் ஆதாம் பாலம் என்றனர். இரு நாட்டுக் கரைகட்கும் இடையே முப்பது கிலோமீட்டர் தொலைவும் இல்லை.

செல்லும் முறை

நம் கல்லூரி வாயிலுக்கு எதிரேயுள்ள தாம்பரம் நிலையமே இப்பயணத்தின் முதற்படி. சென்னை எழும்பூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டிகள் இங்கு நிற்கின்றன. அன்றியும், புதிய பாம்பன் பாலம் திறக்கப்பெற்ற 2025 ஏப்ரல் 6-ஆம் நாளன்றே, தாம்பரத்திலிருந்து புறப்படும் தனி வண்டி ஒன்றும் தொடங்கப்பெற்றது. அது சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை வழியாகச் செல்கின்றது. மாலையில் ஏறுவோர் விடியற்காலையில் தீவை அடைவர்.

முன்பதிவில்லாப் பெட்டியின் கட்டணம் படுக்கைப் பெட்டியின் கட்டணத்தில் ஏறக்குறையப் பாதியே. ஆயினும் ஒன்று கூறுவேன். முழு இரவும் நின்று சென்றவன் மறுநாட் பகலில் எதனையும் கருத்தோடு காணமாட்டான். போகும்போது படுக்கைப் பெட்டியிற் சென்று, மீளும்போது பொதுப்பெட்டியில் வருதல் உடலுக்கும் பைக்கும் ஒத்த வழியாகும். இரண்டு இரவுகளை வண்டியிலும் ஒரு பகலைத் தீவிலும் கழிப்பவனுக்கு அறைக்கூலியே இல்லை. எனினும், கூடுமாயின் ஓரிரவு அங்குத் தங்குதல் நன்று. பயணிகட்குரிய எளிய விடுதிகளும், பல சமூகத்தாரின் சத்திரங்களும் மடங்களும் அவ்வூரில் மிகுதி. இது புதிய வழக்கன்று. சேதுபதி மன்னர் சேதுவுக்குச் செல்லும் பாதை நெடுகச் சத்திரங்கள் அமைத்து, கையிற் காசில்லா வழிப்போக்கர்க்கும் சோறிட்டனர். ஏழைப் பயணியை ஏற்றுக்கொள்ளுதல் அந்நாட்டின் பழைய அறம்.

இரு பாலங்களும் ஒரு பொறியாளரும்

பாம்பன் கால்வாயைக் கடக்கும் முதல் இரயிற் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பெற்றது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரு கதவுகள் போல மேல் நோக்கித் திறக்கும். பணியாளர் கையாற் பொறியைச் சுழற்றியே அதனைத் திறந்தனர். ஏறக்குறைய 108 ஆண்டுகள் உழைத்த பின், 2022 டிசம்பரில் அதன்மீது வண்டியோட்டம் நின்றது. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு, இரு கோபுரங்களுக்கிடையே படுக்கை வாட்டில் அப்படியே 17 மீட்டர் உயரம் மின்விசையால் எழும்பும். பழையது கதவு, புதியது தூக்கு என நினைவிற் கொள்ளலாம்.

இவற்றைக் காணச் செலவு வேண்டா. 1988-இல் திறக்கப்பெற்ற அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் அருகே உயர்ந்து நிற்கின்றது. அதன் ஓரத்தில் நடந்து சென்றால், ஒருபுறம் பாக்கு நீரிணையும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் கீழே இரயிற் பாலமும் ஒருங்கே தோன்றும். வண்டி விடியுமுன் பாலம் கடத்தலின், இக்காட்சிக்கெனப் பேருந்திற் பாம்பனுக்கு வருதல் தகும்.

1964 புயலிற் பழைய பாலத்தின் உத்தரங்களுள் நூற்றுக்கு மேற்பட்டவை கடலில் வீழ்ந்தன. அதனைச் செப்பனிடும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்னும் முப்பத்திரண்டு அகவைப் பொறியாளரிடம் விடப்பட்டது. மூன்று திங்களில் முடிக்க வேண்டுமெனக் கூறிய பணியை அவர் 46 நாட்களில் முடித்தார். கடலடியிற் கிடந்த உத்தரங்களை மீனவர் துணையோடு தேடியெடுத்து மீண்டும் பொருத்தியது அவ்வெற்றியின் மறைபொருள். பிற்காலத்தில் கொங்கண் இரயிற் பாதையையும் டில்லி மெட்ரோவையும் அமைத்தவர் அவரே. கற்றவன் அறிவும் கடலோடி அறிவும் ஒன்று கூடியபோது என்ன நிகழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஊரும் கோவிலும்

இராமநாதசுவாமி கோவிலின் மூன்றாம் பிரகாரம் 18-ஆம் நூற்றாண்டிற் சேதுபதி மன்னர் காலத்தில் எழுந்தது. 1,212 தூண்கள் இருமருங்கும் நிற்க, கிழக்கு மேற்காக இருநூறு மீட்டர் அளவு நீண்டு செல்லும் அவ்வழியில் நிற்பவன், மறுகோடியில் வருபவரை ஒரு புள்ளியாகவே காண்பான். இத்தீவு மணலும் பவளப்பாறையுமாய் அமைந்தது. மலைக்கல் இங்கு இல்லை. ஆகவே கருங்கல்லெல்லாம் பாலமில்லாக் காலத்திற் கடல் தாண்டி வந்தவை என்பதை நினைந்தால் வியப்பு மிகும். பிற சமயத்து மாணவர், கோவிலார் வகுத்த எல்லையை மதித்து நடப்பின் மனக்கசப்புக்கு இடமிராது.

அதே ஊரிற் பள்ளிவாசல் தெருவில், 1931 அக்டோபர் 15-இல் அப்துல் கலாம் பிறந்தார். இரண்டாம் உலகப்போரின்போது வண்டி இராமேசுவரத்தில் நில்லாமற் போகவே, ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாட் கட்டுகளைப் பொறுக்கி விற்கும் பணியில் உதவி, அச்சிறுவர் தம் முதற் கூலியைப் பெற்றார். அவர் உயர்நிலைக் கல்வி கற்றது இராமநாதபுரத்துச் சுவார்ட்சு பள்ளியில். தஞ்சையில் 1798-இல் மறைந்த லுத்தரன் போதகரின் பெயர் தாங்கிய பள்ளி அது. பேய்க்கரும்பில் உள்ள கலாமின் நினைவிடம் 2017 ஜூலை 27-இல் திறக்கப்பெற்றது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கிறித்தவ மீனவர் ஆலயங்கள் உள. ஊரினுள் ஆபில், காபில் பெயரால் வழங்கும் தர்காவும் உண்டு. மூன்று சமயத்தாரும் ஒரே கடலை நம்பி வாழும் ஊர் இஃது.

1897 ஜனவரி 26-இல் விவேகானந்தர் மேனாட்டிலிருந்து மீண்டு, இலங்கை வழியாகப் பாம்பனில் இந்தியக் கரை மிதித்தார். பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டார். பின்னர் இராமேசுவரக் கோவிலில் மெய்வழிபாடு பற்றி அவர் பேசியதன் சாரம், ஏழையிடத்தும் நோயாளியிடத்தும் இறைவனைக் காண்க என்பதே. அவ்வுரையின் பொருள் தனுஷ்கோடியிற் தெளிவாக விளங்கும்.

தனுஷ்கோடி

இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். 2017-இற் புதிய சாலை முடிந்தபின் அரசுப் பேருந்து முனை வரை செல்கின்றது. தனி வண்டி அமர்த்துவோர் கொடுப்பதிற் சிறு பகுதியே பேருந்துக் கட்டணம். மாலைக்குப் பின் அங்குத் தங்க இசைவில்லை. ஆதலின் காலையிற் செல்க. குடிநீரும் தலைக்குத் துணியும் உடன் கொள்க. நிழல் அங்கு அரிது. முனையில் நீரோட்டம் வலியதாதலின் நீராடல் உயிருக்கே ஊறு.

சாலையின் இருபுறமும் இரு கடல்கள். வடபாற் பாக்கு நீரிணையை மீனவர் பெண்கடல் என்பர். தென்பால் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பர். ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று வீசுங்கால் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் குளம்போற் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வந்ததும் அமைதியான பெண்கடலே சீறும். காற்று மாறும்போது நீரோட்டமும் திசை மாறும். அதனால் முனையின் மணற்கோடி பருவந்தோறும் வடிவு மாறுகின்றது. சென்ற ஆண்டு நின்ற இடத்தில் இவ்வாண்டு நிற்கவியலாது. குளிர்காலத்தில் அங்குள்ள காயல்களிற் பூநாரைகள் வந்து மேய்கின்றன. அவற்றின்பொருட்டுத் தமிழக அரசு 2025-இல் அவ்விடத்தைச் சரணாலயமாக அறிவித்தது.

இத்தகைய மெல்லிய மணற்கோட்டின்மீது ஒரு நகரம் இருந்தது. இரயில் நிலையம், அஞ்சல் நிலையம், பள்ளி, தேவாலயம், சுங்கச்சாவடி, கப்பற்றுறை ஆகிய யாவும் அமைந்த நகரம். 1914 முதற் சென்னையில் வண்டியேறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் வண்டியேறிக் கொழும்புக்குச் சென்றனர். அவ்வண்டியைப் ‘போட் மெயில்’ என்றே மக்கள் அழைத்தனர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில், புயலோடு எழுந்த பேரலை அதனை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் ஒருவரும் பிழைத்திலர். விடியுமுன் நகரமும் அழிந்தது. இந்தியாவிலும் இலங்கையிலுமாக அப்புயலில் மாண்டோர் ஏறக்குறைய 1,800 பேர் என்பர். அதன்பின் அரசினர் அவ்விடத்தை மக்கள் வாழத் தகாததென அறிவித்தனர்.

இன்று அங்கே பவளக்கல்லால் எழுந்த தேவாலயச் சுவர்களும் நிலையத்தின் சிதைவுகளும் நிற்கின்றன. ஆயினும் மக்கள் நீங்கினரல்லர். கூரைக் குடில்களில் மீனவர் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

மணலில் ஊறும் நன்னீர்

இருபுறமும் உப்புக்கடல் சூழ்ந்த மணலில் அவர்கள் எந்நீரைப் பருகுகின்றனர் என்னும் வினா எழுவது இயல்பு. குடில்களின் அருகே ஆள் இடுப்பளவு ஆழத்திற் தோண்டிய மணற்குழிகளில் நன்னீர் ஊறுகின்றது. காண்போர் இதனை அற்புதமென்பர். காரணமோ எளிது. மழைநீர் மணலில் இறங்குகின்றது. நன்னீர் கடல்நீரினும் எடை குறைந்ததாதலின், அடியிலுள்ள உப்புநீரோடு எளிதிற் கலவாது அதன்மேல் மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கண்ட விதி. கோவிலினுள் உள்ள இருபத்திரண்டு தீர்த்தங்களிற் கிணறுகள் கடலுக்கு அணித்தாயினும் உவர்க்காமைக்கும் இதுவே காரணம்.

ஆனால் இவ்விதி மறுபுறமும் வெட்டும். மேலே ஒரு மீட்டர் நன்னீரை இறைத்து விட்டால், கீழிருந்து உப்புநீர் நாற்பது மீட்டர் மேலேறும். மீனவப் பெண்கள் அகப்பையால் முகந்து குடத்தை நிரப்பும்வரை மணல் நீர் தரும். பொறி வைத்து உறிஞ்சினால் அது கெட்டுவிடும். திருவான்மியூர் முதற் கோவளம் வரையுள்ள நம் கடற்கரை மணலுக்கும் இதே விதிதான். ஆதலின் தனுஷ்கோடியின் குழி நமக்கு அயலூர்ச் செய்தி மட்டும் அன்று. அங்குச் செல்வோர் அக்குழிநீரைக் கை கழுவக் கேளாதிருத்தல் முதற் கடன்.

நமக்கு முன் சென்றோர்

சிக்கனமாய்ப் பயணம் செய்வதைச் சாதனையாகப் பேசும் வழக்கம் மாணவரிடையே உண்டு. இத்தீவின் வரலாற்றை அறிந்தவன் அவ்வாறு பேச நாணுவான். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இவ்வழியே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் எண்ணற்றோர். கப்பலும் இரயிலும் வருமுன், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தோருட் பலர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர். பிற்காலத்தில் அவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோயுண்டா எனச் சோதித்தே இலங்கை அரசினர் கப்பலேற்றினர். 1983-க்குப் பின் அதே கடலில் எதிர்த்திசையிற் படகுகள் வந்தன. உயிருக்கஞ்சி வந்த ஏதிலியர்க்கு அம்மண்டபமே முகாமாயிற்று. 2022-இல் இலங்கையிற் பொருள்நிலை குலைந்தபோதும் சிலர் அரிச்சல்முனையை அடுத்த மணற்றிட்டுகளில் இறங்கினர். ஒரு துணிமூட்டையோடு இக்கடலைக் கடந்த அவர்களோடு ஒப்பிடின், மீள்பயணச் சீட்டைப் பையில் வைத்திருக்கும் நாம் செல்வரே.

ஆகவே செலவைச் சுருக்கும் இடமும் சுருக்கலாகாத இடமும் உள என அறிதல் வேண்டும். வண்டியிலும் விடுதியிலும் சுருக்குக. தனி வண்டியை விடுத்துப் பேருந்திற் செல்க. ஆனால் குடிலின் முன்னே மீன் பொரித்து விற்கும் அம்மையிடத்தும், சங்கு மாலை விற்கும் சிறுமியிடத்தும் ஐந்து பத்துக்கு வாதாடற்க. அவர் கேட்கும் விலையைக் கொடுத்தல் ஈகையன்று, கடன். அதே வேளையிற் பவளப்பாறைத் துண்டுகளை எவர் கொடுப்பினும் வாங்கற்க. அவற்றை எடுத்தலும் விற்றலும் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகள் 1986-இற் கடற் தேசியப் பூங்காவாயின. அவற்றைச் சூழ்ந்த பவளமே மீன் வளத்துக்குத் தாய். மீனே அம்மக்களுக்குச் சோறு. உண்ட பொதியின் நெகிழித்தாளையும் மணலில் எறியாது உடன் கொண்டு மீள்க. தேவாலயச் சுவரிற் பெயர் கீறுதலும், அதன்மேல் ஏறிப் படமெடுத்தலும் இழவு வீட்டில் ஆடுதலை ஒக்கும். அங்கு உற்றாரை இழந்தோரின் மக்களே எதிரே குடிலில் இருக்கின்றனர்.

தை, மாசித் திங்கள்கள் இப்பயணத்துக்கு ஏற்றவை. மழை ஓய்ந்து வெயில் முதிராத காலம் அது. மூவர் நால்வர் சேர்ந்து சென்றால் அறைக்கூலி பங்கிடப்பெறும். கண்டதைத் தம்முட் பேசவும் வாய்க்கும். தமிழ் பயில்வோர் சேதுபதியரின் கொடையையும், அறிவியல் பயில்வோர் பாலத்தையும் மணல் நீரையும், வரலாறு பயில்வோர் மண்டபத்தையும் முன்னரே சிறிது படித்துச் செல்வாராயின், ஒவ்வொருவரும் மற்றையோர்க்கு ஆசிரியராவர். வரும் விடுமுறையில் நண்பர் சிலராவது தாம்பரம் நிலையத்தில் அம்மாலை வண்டி ஏறுவர் என நம்புகின்றேன்.